புது டிவியில படம் மங்கலா தெரியுதா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டை அளங்க!

மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஏதாவது ஒரு டிவி கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி வீடியோ: மயில் தோகை விரிக்கும், கலர் கலராகப் பழங்கள் தண்ணீரில் விழும். எந்த டிவியைப் பார்த்தாலும் படம் பளிச். அதில் ஒரு 43 இன்ச்சைத் தேர்ந்தெடுத்து, வீட்டு ஹாலில் மாட்டி, பழைய கேபிள் பாக்ஸைச் சொருகியதும்தான் சிக்கல் ஆரம்பிக்கும். சீரியலில் வரும் முகங்கள் தண்ணீரில் கரைந்த மாதிரி தெரியும். ஸ்கோர் எழுத்து ஓரமெல்லாம் பிசிறடிக்கும். "பழைய டிவியே நல்லா இருந்துச்சேப்பா" என்று வீட்டில் பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள்.

அவர்கள் சொல்வது பிரமை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. அந்தக் கணக்கை டிவி வாங்குவதற்கு முன்பே போட்டுவிட்டால், பட்ஜெட்டில் சில ஆயிரங்கள் மிச்சம்.

விலை குறைஞ்சது எந்த டிவிக்கு?

முதலில் ஜிஎஸ்டி விஷயத்தைப் பார்த்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிவிக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இது 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு மட்டும்தான். 32 இன்ச்சும் அதற்குக் கீழும் உள்ள டிவிகள் 2019 ஜனவரி 1-லிருந்தே 18 சதவீதத்தில்தான் இருக்கின்றன. அதனால் 32 இன்ச் டிவியைக் காட்டி "ஜிஎஸ்டி குறைஞ்சதால இந்த ரேட்டு" என்று யாராவது சொன்னால், அது வேறு ஏதோ தள்ளுபடி.

43 இன்ச்சுக்கு எவ்வளவு குறையும்? வரிக்கு முந்தைய விலை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 சதவீதத்தில் அது 32,000. 18 சதவீதத்தில் 29,500. வித்தியாசம் 2,500 ரூபாய். "பத்து சதவீதம் குறைஞ்சிருச்சு" என்று பேச்சில் சொல்வோம். ஆனால் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையில் குறைவது 8 சதவீதத்துக்கும் சற்றுக் கீழேதான்.

இந்த 2,500 ரூபாயைப் பார்த்துத்தான் பலர் 32-லிருந்து 43-க்கும், 43-லிருந்து 55-க்கும் தாவுகிறார்கள். தாவுவது தப்பில்லை. ஆனால் அந்தப் பெரிய திரைக்குள் என்ன படம் வரப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி.

20 மடங்கு இழுத்தால் எப்படி இருக்கும்?

சாதாரண கேபிள் பாக்ஸில் வரும் எஸ்டி சேனலின் படத்தில் அகலத்துக்கு அதிகபட்சம் 720 பிக்சல், உயரத்துக்கு 576 பிக்சல். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். 4கே டிவியின் திரையில் அகலம் 3,840, உயரம் 2,160. மொத்தம் 82,94,400 புள்ளிகள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சரியாக 20.

அதாவது டிவிக்கு வரும் ஒரு புள்ளியை வைத்து, அது 20 புள்ளிகளை நிரப்ப வேண்டும். மீதி 19-ஐ டிவியில் உள்ள சிப் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துப் போடும். விலை கூடிய டிவிகளில் இந்த ஊகம் கொஞ்சம் நன்றாக இருக்கும். பட்ஜெட் டிவிகளில் சுமார்தான். கூடவே, ஒரே கேபிளில் நிறைய சேனல்களை அடைக்க ஆபரேட்டர் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், ஓரங்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் பிசிறும் சேர்ந்தே பெரிதாகிறது.

சரி, அப்போ பழைய டிவியில் எப்படி நன்றாகத் தெரிந்தது?

இதற்குப் பதில் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் ஒருகாலத்தில் இருந்த ஒரு பொருளிலேயே இருக்கிறது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 15 முதல் திமுக அரசு கொடுத்த இலவச கலர் டிவி. 14 இன்ச், பின்பக்கம் புடைத்த பிக்சர் டியூப் பெட்டி. உசிலம்பட்டியானாலும் மேலூரானாலும், முதல் கலர் டிவியே அதுதான் என்ற வீடுகள் ஏராளம். இந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் தீர்ப்பானது தனிக்கதை.

சராசரிக் கண்பார்வை உள்ள ஒருவரால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையும் இதே கணக்கில்தான் அச்சாகிறது. இந்த அளவை வைத்துப் பார்த்தால், 14 இன்ச் திரையில் வரும் எஸ்டி படத்தின் புள்ளிகள் நாலு, நாலரை அடி தூரத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிடும். யாரும் அதைவிடக் கிட்டே போய் உட்காரவில்லை. படம் கூர்மையாகத் தெரிந்தது.

அதே எஸ்டி படத்தை 32 இன்ச்சில் போட்டால் புள்ளிகள் மறைய 11 அடி தள்ளி உட்கார வேண்டும். 43 இன்ச் என்றால் 15 அடி. 55 இன்ச் என்றால் 19 அடி! பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் 19 அடிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் தெரிகிறது. 43 இன்ச்சில் ஃபுல் எச்டி படத்தின் புள்ளிகள் ஐந்தரை அடியிலேயே மறைந்துவிடும். 55 இன்ச்சில் ஏழு அடி. சுவரிலிருந்து சோபா எட்டு அடி தள்ளி இருக்கிறது என்றால், அந்த இடத்திலிருந்து ஃபுல் எச்டிக்கும் 4கே-வுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலான கண்களால் கண்டுபிடிக்க முடியாது. 43 இன்ச்சிலும் அதற்கு மேலும் இன்று கடைகளில் இருப்பவை பெரும்பாலும் 4கே-தான் என்பதால் அதை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் "4கே" என்ற ஒரு சொல்லுக்காகவே கூடுதலாகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. எஸ்டி-யிலிருந்து எச்டி-க்கு மாறுவதுதான் கண்ணில் அடிக்கும் மாற்றம். எச்டி-யிலிருந்து 4கே-வுக்கு மாறுவது ஹாலைப் பொறுத்தது.

ஆகவே டேப்பை எடுங்கள். டிவி மாட்டப்போகும் சுவரிலிருந்து வழக்கமாக உட்காரும் இடம் எத்தனை அடி? ஆறு, ஏழு அடி என்றால் 43 போதும். எட்டு, ஒன்பது என்றால் 43 அல்லது 50. பத்துக்கு மேல் என்றால் 55-ஐ யோசிக்கலாம். இது எச்டி-யும் ஓடிடி-யும் பார்க்கும் வீட்டுக்கு. எஸ்டி கேபிள் மட்டும்தான், அதையும் மாற்றப்போவதில்லை என்றால் 32 இன்ச்சே நியாயமான தேர்வு. இதைச் சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது.

200 ரூபாயில் ஒரு மாற்றம்

டிவியைவிட முதலில் பார்க்க வேண்டியது கேபிள் பாக்ஸின் பின்பக்கம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை வயர் சொருகியிருக்கிறதா? பல வீடுகளில் பழைய டிவிக்குப் போட்ட அதே வயரைத்தான் புது டிவிக்கும் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த மஞ்சள் முனையில் போவது பழைய அனலாக் சிக்னல். டிஜிட்டலாக வந்த படத்தை அனலாக்காக மாற்றி, டிவிக்குள் மறுபடி டிஜிட்டலாக மாற்றுவதில் கூர்மை போகிறது, கலரும் கசிகிறது.

பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் 200 ரூபாய் கேபிள் ஒன்று போதும். எஸ்டி படமே ஓரளவு தெளியும். பாக்ஸ் செட்டிங்கில் படத்தின் வடிவத்தையும் ஒருமுறை பாருங்கள். சில வீடுகளில் எல்லா ஹீரோக்களும் குண்டாகத் தெரிவதற்குக் காரணம், பழைய சதுரத் திரைக்கான படத்தை அகலத் திரைக்கு இழுத்து வைத்திருப்பதுதான்.

அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது நினைவிருக்கும். 2017-ல் அது டிஜிட்டலுக்கு மாறி, வீடு வீடாக செட்டாப் பாக்ஸ் கொடுத்தது. அந்த நாட்களில் வந்த பழைய பாக்ஸ் இன்னமும் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், புது டிவிக்கு முன் உங்கள் ஆபரேட்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எச்டி பாக்ஸ் இருக்கா, என்ன ரேட்டு? நான் பார்க்கும் சேனல்களின் எச்டி வடிவம் என் பேக்கில் வருமா? எச்டி பாக்ஸை வாங்கிவிட்டு எஸ்டி சேனல் நம்பரையே அழுத்திக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. எச்டி சேனலுக்கு நம்பர் வேறு, சந்தாவும் வேறு.

ஓடிடி-தான் பார்ப்போம் என்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. நெட்ஃப்ளிக்ஸ் தரும் அளவுகளின்படி 4கே-வுக்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும், ஃபுல் எச்டி-க்கு 5 போதும். 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை தின்னும். ஃபுல் எச்டி 3 ஜிபி வரை. மதுரை நகருக்குள் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் பேரையூர் பக்கம் ஒரு கிராமத்தில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி டிவி வாங்குபவருக்கு? தினம் 2 ஜிபி பேக் 4கே-வில் 17 நிமிடம் ஓடும். ஃபுல் எச்டி-யில் 40 நிமிடம். இன்டர்வெல் வரைகூட வராது.

இன்னொன்று: இணைப்பு வேகமாக இருந்தாலும் சந்தா 4கே-வுக்கானதாக இருக்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் விலை உச்சத்தில் இருக்கும் பிரீமியம் திட்டத்தில்தான் 4கே வரும். போன் ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓடிடி சந்தாக்களில் பல மொபைலுக்கு மட்டுமானவை, அவை டிவியில் ஓடவே ஓடாது. இதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.

தரையில உட்கார்ந்து பார்ப்பீங்களா?

இது கேலியான கேள்வி இல்லை. பட்ஜெட் எல்இடி டிவிகளில் இரண்டு வகை பேனல்கள் வருகின்றன. விஏ என்ற வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படத்துக்கு ஆழம் வரும். ஆனால் நேர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டிலோ கீழிருந்தோ பார்த்தால் கலர் வெளுத்துப் போகும். ஐபிஎஸ் என்ற வகையில் எங்கிருந்து பார்த்தாலும் கலர் மாறாது. ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும்.

நம் வீடுகளில் டிவியை எங்கே மாட்டுகிறோம்? ஷோகேஸுக்கு மேல், தலைக்கு மேலே ஒரு அடி உயரத்தில். குழந்தைகள் கை வைக்கக் கூடாது என்பதற்காக. பார்ப்பவர்களில் பாதிப் பேர் தரையில் பாய் விரித்து உட்காருகிறார்கள், ஒருவர் அடுப்படி வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறார். இப்படிப்பட்ட வீட்டுக்கு விஏ பேனலை வாங்கி உயரத்தில் மாட்டினால், நேரே சோபாவில் இருப்பவர் பார்க்கும் படம் வேறு, கீழே இருப்பவர் பார்க்கும் படம் வேறு. ஒன்று, ஐபிஎஸ் பாருங்கள். அல்லது டிவியைக் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். இறக்குவதற்குச் செலவு இல்லை.

பகலில் கதவைத் திறந்து வைத்துப் பார்க்கும் வீடு என்றால் வெளிச்சமும் முக்கியம். மதுரை வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து திரையில் விழும்போது, பட்ஜெட் டிவியின் 250, 300 நிட்ஸ் பிரகாசம் அதோடு போட்டி போட முடியாது. வாசலுக்கோ ஜன்னலுக்கோ நேர் எதிர்ச் சுவரைத் தவிர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடையில் இதை எப்படிச் சோதிப்பது? மயில் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லாக் கடை டிவியும் "விவிட்" என்ற பளபளப்பு மோடில் இருக்கும், அதை "ஸ்டாண்டர்ட்" அல்லது "சினிமா"வுக்கு மாற்றச் சொல்லுங்கள். யூடியூபில் 'கைதி' டிரெய்லரைப் போடுங்கள். 2019-ல் வந்த அந்தப் படம் முழுக்க ஒரே ராத்திரியில் நடப்பது. இருட்டில் ஆள் தெரிகிறாரா, இல்லை எல்லாம் சாம்பல் புகையாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், முட்டி போட்டும் ஒருமுறை பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், 30,000 ரூபாய் உங்களுடையது. முடிந்தால் கடையின் கேபிள் இணைப்பில் ஒரு எஸ்டி சேனலையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அட்டைப் பெட்டியில் இருக்கும் வார்த்தைகள்

ஹெச்டிஆர்: பட்ஜெட் டிவியில் இது இருந்தும் பெரிதாக ஒன்றுமில்லை. 2016-ல் சர்வதேச டிவி நிறுவனங்களின் கூட்டமைப்பு உயர்தர ஹெச்டிஆருக்கு எல்சிடி திரைகளில் 1,000 நிட்ஸ் பிரகாசம் வேண்டும் என்று வரையறுத்தது. 300 நிட்ஸ் டிவி அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. சில படங்களில் வழக்கத்தைவிட இருட்டாகக்கூடத் தெரியும்.

கியூஎல்இடி: எல்இடி-யில் கலரைக் கூட்டும் ஒரு படலம். நல்லதுதான், ஆனால் ஓஎல்இடி-யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'120 ஹெர்ட்ஸ்': பட்ஜெட் விலையில் இது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வித்தை. பேனல் 60 ஹெர்ட்ஸ்தானா என்று கேளுங்கள்.

ரேம்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு ஜிபி, 8 ஜிபி ஸ்டோரேஜ் கொண்ட ஸ்மார்ட் டிவிகள் ஒரு வருடத்தில் திணற ஆரம்பிக்கும். 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ் பார்த்து வாங்குங்கள். அப்படியும் நாலைந்து வருடத்தில் மந்தமானால் டிவியை மாற்ற வேண்டாம், ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகினால் போதும்.

"ஒரிஜினல் பேனல் சார்"

பெரிய பிராண்டா, புது பிராண்டா என்ற விவாதத்தில் கடையில் அடிக்கடி வரும் வசனம் இது: "இது அவங்க சொந்த பேனல் சார்." இன்றைய நிலவரத்தில் அதை அப்படியே நம்ப முடியாது. சாம்சங் டிஸ்ப்ளே நிறுவனம் 2022-லேயே எல்சிடி பேனல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எல்ஜி டிஸ்ப்ளே நிறுவனமும் கொரியாவில் டிவி எல்சிடி உற்பத்தியை நிறுத்தி, சீனாவின் குவாங்சௌவில் இருந்த ஆலையை 2025-ல் டிசிஎல் குழுமத்துக்குக் கைமாற்றிவிட்டது. எல்இடி டிவி பேனல்களில் பெரும்பங்கு இப்போது சீன ஆலைகளிலிருந்துதான் வருகிறது, எந்த பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டினாலும். ஒரே மாடலுக்குள்ளேயே வேறு வேறு பேனல் வருவதும் உண்டு.

மறுபக்கம், கோடாக், தாம்சன் என்று பழைய பெயர்களில் வரும் டிவிகள் அந்த வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாகச் செய்பவை அல்ல. பெயருக்கான உரிமம் வாங்கி ஓர் இந்திய நிறுவனம் தயாரிப்பவை. அதனால் மோசம் என்று அர்த்தமில்லை. கோடாக் பெயரைப் பார்த்து தாத்தா காலத்து கேமராவை நினைத்து வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்போ பிராண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? படத்தை ஊகித்து நிரப்பும் சிப்புக்குக் கொஞ்சம், சர்வீசுக்கு மீதி. மதுரைக்குள் இருப்பவர்களுக்கு எந்த பிராண்டானாலும் ஆள் வந்துவிடுவார். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் தாண்டிய ஊர்களில் இருப்பவர்கள் வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்து, உங்கள் பின்கோடைச் சொல்லி "வீட்டுக்கே ஆள் வருவாங்களா, எத்தனை நாளாகும்" என்று கேட்டுவிடுங்கள். டிவியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்கு வரச் சொன்னால், ஆன்லைனில் மிச்சமான ரெண்டாயிரம் அங்கேயே போய்விடும்.

திரை உடைந்தால் எந்த வாரண்டியும் உதவாது. பேனல் மாற்றும் செலவு டிவி விலையில் பாதியைத் தாண்டும் என்பதால், பெரும்பாலும் புதுசே வாங்கச் சொல்வார்கள். டிவிக்குப் பின்புறம் பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று தெரிந்துவிடும்.

இடி, கரண்ட், பில்

"ஸ்டெபிலைசர் கட்டாயம் சார்" என்பது அடுத்த வசனம். இன்றைய டிவிகளின் பவர் சப்ளை வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைக் கணிசமாகத் தாங்கும். டிவியின் பின்புறமும் கையேட்டிலும் எத்தனை வோல்ட் வரை என்று போட்டிருக்கும். நகருக்குள் பெரும்பாலும் தனி ஸ்டெபிலைசர் தேவைப்படாது. பம்புசெட் ஓடும்போது பல்பு மங்கும் கிராமத்து வீடுகளுக்கு அது நியாயமான செலவு.

உண்மையில் டிவியைக் கொல்வது வேறு: கரண்ட் போய்த் திரும்பும்போது வரும் அதிர்வு, ஐப்பசி கார்த்திகை மழையில் இடி. இடி கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கேபிள் வயரிலும் வரும். ரிமோட்டில் அணைத்தால் போதாது. மின்னல் வெட்டும்போது பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் பிடுங்கிவிடுவதுதான் வழி. சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாங்கினால் கரண்ட் அதிர்வுக்கு உதவும், நேரடி இடிக்கு அல்ல.

மின்சாரச் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 80 வாட் எடுக்கும் ஒரு 43 இன்ச் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். 130 வாட் எடுக்கும் 55 இன்ச் என்றால் 39 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏசி ஓடி 500 யூனிட்டை ஒட்டிப் போகும் வீடு என்றால் அந்த 15 யூனிட்டே அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடலாம். ஸ்டார் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ-க்கு காஸ்ட் எவ்வளவு?

வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. பூஜ்ய வட்டி என்று சொல்லி விற்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்து, வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள், வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது. 30,000 ரூபாய்க்கு 16 சதவீதத்தில் ஆறு மாதம் என்றால் வட்டி சுமார் 1,400 ரூபாய். அது தள்ளுபடியில் ஈடாகிவிடும். ஆனால் கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 250 ரூபாய், உங்கள் தலையில். பிராசஸிங் ஃபீஸ் தனி.

500 ரூபாய்க்கு உள்ளே முடிந்தால் பரவாயில்லை என்று நினைக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ரொக்கமா கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" அந்தப் பதிலுக்கும் இஎம்ஐ விலைக்கும் உள்ள இடைவெளிதான் நிஜ வட்டி. டவுன் ஹால் ரோட்டிலும் பைபாஸ் ரோட்டிலும் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டு, ஆன்லைன் விலையை போனில் வைத்துக்கொண்டு பேசினால் சுவர் ஸ்டாண்டும் எச்டிஎம்ஐ கேபிளுமாவது இலவசமாக வந்து சேரும். மாட்டித் தருவதற்குத் தனிக் காசா என்பதை பில் போடும் முன் கேளுங்கள்.

டிவி வீட்டுக்கு வரும் நாளில்

டெலிவரி செய்பவர் போன பிறகு பெட்டியைத் திறக்க வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்கின்றன. பிரிப்பது முதல் ஆன் செய்வது வரை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை இரண்டையும் யூடியூபில் போட்டு, கோடு, கறை, ஓரத்தில் வெளிச்சக் கசிவு இருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் டிவியில் உள்ளதும் ஒன்றுதானா என்றும் சரிபாருங்கள்.

மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால், 2019 சட்டப்படி, டிவியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லியில் இருக்கும் விற்பனையாளராக இருந்தாலும் மதுரையில்தான் பதில் சொல்ல வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, மனுவை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பில்லையும் அந்த வீடியோவையும் போனில் இருந்து அழித்துவிடாமல் இருந்தால் சரி.